செத்துத் தொலையாத செடி

மெல்பர்னில் வீடு வாங்கினால் அகபாந்தஸ் இலவசம். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கரையான் உண்டா, கூரை ஒழுகுமா என்று மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதித் தருகிற இன்ஸ்பெக்டரும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். சாவி கைக்கு வந்து, பால் காய்ச்சி, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தால்தான் தெரியும். கார் பாதையின் இரண்டு பக்கமும் அதுதான். வேலி ஓரத்திலும் அதுதான். தபால் பெட்டியின் காலடியிலும், எலெக்ட்ரிக் மீட்டருக்குக் கீழேயும் அதுதான். நாம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. முப்பது வருஷக் கடனை அடைத்துவிட்டு நாம் கிளம்பும்போதும் இருக்கும்.

பார்க்காதவர்களுக்கு அங்க அடையாளம் சொல்லிவிடுகிறேன். இரண்டு விரல் அகலத்தில், முழங்கை நீளத்துக்கு மேல், பளபளவென்று பச்சை இலைகள். வருஷம் முழுக்க அப்படியேதான். நவம்பரில் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். இடுப்புயரம் வந்ததும் நின்றுவிடும். உச்சியில் இரண்டு மடல்கள் கூம்பி உள்ளே இருப்பதை மறைத்து வைத்திருக்கும். டிசம்பர் வெயில் ஏற ஏற அந்த உறை ஒரு பக்கம் மட்டும் கிழியும். கிழிசல் வழியாகப் பச்சை மொட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். ஓரிரு நாளில் உறை உதிர்ந்துவிட, ஒவ்வொரு மொட்டும் தனக்கென்று ஒரு காம்பை நீட்டிக்கொண்டு தன் திசையில் போகும். கிறிஸ்துமஸுக்குள் அத்தனையும் விரிந்து நீல உருண்டையாகிவிடும். ஒரு பூவுக்கு ஆறு இதழ், ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஸ்கேல் வைத்து இழுத்ததாக ஒரு கருநீலக் கோடு. நல்ல உருண்டை என்றால் நூறு பூவுக்கு மேல் இருக்கும். வெள்ளையிலும் உண்டு. அழகில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் புகார் வேறு.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தது ஒரு டிசம்பரில். வந்த களைப்பு தீரும் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"என்னடா இது, வாசல் பூரா?"

"பூச்செடிம்மா."

"அது தெரியுது. தலையில வைக்கிற பூவா?"

"இல்ல."

"மணக்குமா?"

"மணக்காது."

"சாமிக்கு?"

"வைக்கலாம்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா! சரி, சமைக்கலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா. வாயில பட்டா புண்ணாயிடும்."

"பின்ன எதுக்குடா இத்தனை வச்சிருக்க?"

"நான் வைக்கலம்மா. அதுவா இருக்கு."

இந்தப் பதில் அம்மாவுக்கு ஒப்பவில்லை. அவள் வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கும் செடி என்று ஒன்று கிடையாது. கறிவேப்பிலை தாளிக்க, துளசி சாமிக்கு, வாழை எல்லாவற்றுக்கும், கற்றாழை தீக்காயத்துக்கு. திருஷ்டிக்கென்று வாசலில் கட்டித் தொங்கவிட்ட ஆகாசக் கருடனுக்குக்கூட உத்தியோகம் உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டு பளபளப்பாக இருப்பது அவள் அகராதியில் செடிக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. குனிந்து ஓர் இலையை ஒடித்தாள். பிசுபிசுவென்று வந்த சாற்றை விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். "வெங்காய ஜாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

இதே தீர்ப்புக்கு வந்து சேர விஞ்ஞானிகளுக்கு இரண்டரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இதைக் கிரைனம் என்ற விஷமூங்கில் இனத்தோடு சேர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லெரிட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து பிரித்தெடுத்து அகபாந்தஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். குடும்பம் என்று பார்த்தால் நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் இருந்தது. பிறகு வெங்காயக் குடும்பத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒத்துவரவில்லை என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். கடைசியில் 2009இல் வந்த வகைப்பாட்டில் அமரில்லிஸ் குடும்பத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதே வகைப்பாட்டில் வெங்காயத்தையும் பூண்டையும் அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டதால், ஒரே கூரைக்குக் கீழே ஒன்றுவிட்ட பங்காளிகளாக இப்போது இருக்கிறார்கள். எந்த அரசு ஊழியரும் இத்தனை டிரான்ஸ்ஃபர் பார்த்திருக்கமாட்டார். அம்மாவுக்கு ஓர் இலை போதுமானதாக இருந்தது.

அகபாந்தஸின் பிறந்த வீடு தென்னாப்பிரிக்கா. அங்கே இதற்கு உத்தியோகம் இருந்திருக்கிறது. ஸோசா மக்களிடம் இதன் வேரைக் கோத்துப் புதுமணப்பெண் கழுத்தில் போடும் வழக்கம் உண்டு, பிள்ளைப்பேறு நல்லபடியாக அமைய. நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் ஜூலு வைத்தியத்தில் இது சேரும். இடி இடித்தால் பயப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பார்களாம். இதை எல்லாம் படித்துவிட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இடிக்கு 'அர்ஜுனா, அர்ஜுனா'ன்னா போதும். அதுக்கு ஒரு செடியா?" என்றாள். இடியில் அடிபட்டுப் போயிற்று என் வாதம்.

செடியை எப்படிப் பராமரிப்பது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். எண்பதைத் தொட்டவர், பிறந்ததிலிருந்து இந்தத் தெருவிலேயே இருப்பவர். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நான் சந்தேகப்படும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"பராமரிக்கிறதா? மேட், நான் அதுக்குச் செஞ்ச ஒரே காரியம், ஒருதடவை ரிவர்ஸ்ல அது மேல காரை ஏத்தினதுதான். அந்த வருஷம் நல்லாப் பூத்தது."

அதோடு நிற்காமல் ஒரு கதையும் சொன்னார். இரண்டாயிரங்களில் இங்கே வருஷக்கணக்கில் நீடித்த ஒரு வறட்சி வந்தது. 2007இல் மெல்பர்னில் புல்தரைக்குத் தண்ணீர் விடவே தடை. தெருத்தெருவாகப் புல் காய்ந்து காவி நிறமானது. ரோஜா வைத்திருந்தவர்கள் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டுபோய் ஊற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். அகபாந்தஸுக்கு யாரும் ஒரு டம்ளர் ஊற்றவில்லை. அது டிசம்பரில் பூத்தது. சதை பிடித்த வேரில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் செடி அது. சாறு நிறைந்த இலை சட்டென்று தீப்பற்றாது என்பதற்காகக் காட்டுத்தீ வரக்கூடிய பகுதிகளில் வீட்டைச் சுற்றி நட்டுவைப்பவர்களும் உண்டு.

இருந்தாலும் ஒரு செடியை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருக்க நம்மால் முடியாது. நான் புத்தகங்கள் படித்தேன். புத்தகங்கள் சொல்வதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் வரும், பூ வராது. தண்ணீர் தேங்கக்கூடாது. சாணம், யூரியா என்று தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை இன்னும் கொழுக்கும், பூ இன்னும் குறையும். வசந்தத்தில் பொட்டாஷ் கொஞ்சம் தூவலாம். தொட்டியில் வைத்தால் கொஞ்சம் இறுக்கமாக வைக்கலாம், ஆனால் வேர் தொட்டியை உடைக்கும் அளவுக்கு விட்டால் பூ நின்றுவிடும். அடுத்த வருஷப் பூவுக்கான வேலை கோடைக் கடைசியிலேயே உள்ளே ஆரம்பித்துவிடுவதால், தொட்டிச் செடிக்கு அப்போது தண்ணீரை நிறுத்தக்கூடாது. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. தெரியாததால் செடிக்கு ஒரு குறையும் வந்ததில்லை. பொட்டாஷ் போட்ட வரிசையும் போடாத வரிசையும் ஒரே நாளில், ஒரே உயரத்தில் பூத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதே காலத்தில் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது வேறு கதை. மெல்பர்ன் தமிழர் வீடுகளில் குலதெய்வத்துக்கு அடுத்த இடம் கறிவேப்பிலைச் செடிக்கு. "உங்க வீட்டுல எத்தனை அடி வந்திருக்கு?" என்றுதான் இங்கே குசலம் விசாரிப்போம். பிள்ளைகளின் மார்க்கைப் பிறகு கேட்போம். ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டில் அந்தத் தொட்டி கூடத்துக்கு வந்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல்தான் அதற்கு. இந்தத் தேசத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. ஹீட்டரின் அனல் நேரடியாகப் படக்கூடாது, கதவைத் திறந்தால் குளிர்காற்றும் படக்கூடாது. நடுக்கூடத்தில் டிவியை மறைத்துக்கொண்டு அது நிற்கும். கிரிக்கெட்டில் ஸ்கோர் தெரிய வேண்டுமானால் இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலையும் மனைவி அதன் முன்னால் நின்று உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எண்ணுவாள். அன்றைய ரசத்துக்கு அதுதான். செடியிலிருந்து ஒரு கொத்துப் பறிக்கும் அதிகாரம் எனக்கு இன்றுவரை கிடையாது.

"என்னங்க, நாலு இலை மஞ்சளா இருக்கு. ஃபிஷ் எமல்ஷன் ஊத்தலாமா?"

"கூடத்துலயா? வீடு நாறாதா?"

"நாறினா நாறட்டும். செடி போயிட்டா?"

ஊற்றினோம். நாறியது. விருந்தினர் வந்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள், விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா, நாங்க கடற்பாசி உரம்தான் விடுறோம்" என்று அனுதாபத்தோடு உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, உறைபனி வெள்ளையாகப் படிந்த புல்லின் ஓரத்தில், அகபாந்தஸ் ஒரு கேடும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. குப்பைத் தொட்டி சாய்ந்து அதன் மேல்தான் விழுந்திருந்தது.

இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. நாம் கறிவேப்பிலைக்குச் செய்வதை எல்லாம் அவர்கள் அகபாந்தஸுக்குச் செய்கிறார்கள்! பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து அது அங்கே போய்விட்டது. என்றும் பச்சையாக இருக்கும் அகல இலை வகைகளுக்கு அந்தக் குளிர் ஆகாது. எனவே குளிர்காலத்தில் தொட்டியோடு தூக்கிக் கண்ணாடி வீட்டில் வைப்பார்கள், துணி போர்த்துவார்கள். ஹாம்ப்ஷயரில் ஹெட்போர்ன் வொர்த்தி என்ற ஊரில் லூயிஸ் பாமர் என்பவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் குளிர் தாங்கும் செடிகளைப் பொறுக்கி வளர்த்தார். குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும் ரகங்களின் வாரிசுகள் அவை. ஹெட்போர்ன் ஹைப்ரிட் என்று இன்றும் அங்கே மரியாதையாக விற்கிறார்கள்.

அவர்களுக்குக் கவலையும் வந்து சேர்ந்தது. 2014இல் அங்கே ஒரு புது ஈ தென்பட்டது. மொட்டுக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே தின்னும், மொட்டு வீங்கிக் கோணிக்கொண்டு, விரியாமலே பழுப்பாகிப்போகும். 2016இல் அதற்கு எனிக்மாடிப்ளோசிஸ் அகபாந்தி என்று பெயர் வைத்தார்கள். புதிராக இருந்ததால் பெயரிலேயே புதிரைச் சேர்த்துவிட்டார்கள்போல. பாதிக்கப்பட்ட பூத்தலைகளை உடனே வெட்டி அழியுங்கள் என்று தோட்டக்கலைச் சங்கம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, "இங்க எப்ப வரும்?" என்று ஆவலாகக் கேட்டார்.

அவர் ஆவலுக்குக் காரணம் உண்டு. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இதைச் சுற்றுச்சூழல் களை என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். டாண்டெனாங் மலைப் பக்கம் போனால், மவுண்டன் ஆஷ் மரங்களுக்கும் பெரணிகளுக்கும் நடுவே, ஓடைக்கரையில், யாரும் நடாத இடத்தில் இது நிற்பதைப் பார்க்கலாம். அடர்ந்து வளர்ந்தால் கீழே வேறொன்றும் முளைக்க இடம் இல்லை. நியூசிலாந்தில் இன்னும் கண்டிப்பு. ஆக்லாந்தில் சாதாரண அகபாந்தஸை விற்கவும் பெருக்கவும் தடை. விதை அநேகமாகப் பிடிக்காத சில குட்டை ரகங்களுக்கு மட்டும் விலக்கு. ஓர் ஊர்த் தோட்டக்கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கும் செடி இன்னோர் ஊரில் குற்றவாளி ஆகிவிடுகிறது.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால் கறிவேப்பிலை குறுக்கே வருகிறது. நாங்கள் கூடத்தில் வைத்து ஃபிஷ் எமல்ஷன் ஊற்றிக் காப்பாற்றும் அந்தச் செடியைக் குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கில் களைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பிரிஸ்பேன் வெயிலில் அது மரமாகிறது, காய்க்கிறது, பறவைகள் பழத்தைத் தின்று ஓடைக்கரை எல்லாம் விதைக்கின்றன. அங்கே இருக்கும் நண்பர் ஒருவர், "வெட்ட வெட்ட வேர்ல இருந்து கிளம்புது, தொல்லை தாங்கல" என்று போனில் சொன்னார். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, அவரை ஏதோ கேட்கக்கூடாத வார்த்தை பேசிவிட்டவரைக் கண்டிக்கும் தோரணையில் கண்டித்தாள்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவுக்கு அகபாந்தஸைக் கொடுத்தது அல்லவா? ஆஸ்திரேலியாவும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, வாட்டில் மரத்தைக் கொடுத்தது. பட்டையில் தோல் பதனிடும் சத்து கிடைக்கிறதென்று அங்கே ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அது மலையேறி, ஆற்றங்கரை இறங்கி, தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது. 1995இல் அங்கே அரசாங்கமே தனித்திட்டம் போட்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து அன்னிய மரங்களை வெட்டத் தொடங்கியது. 1988இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட கோல்டன் வாட்டிலும் அங்கே வெட்டப்படுகிற பட்டியலில்தான் இருக்கிறது. நம் நீலகிரிக்கும் இந்தப் பண்டமாற்றில் பங்குண்டு. வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் பட்டைக்கும் கொண்டுவந்த வாட்டில் அங்கே சோலையையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பங்களாத் தோட்டங்களில் அகபாந்தஸும் நீலமாகப் பூக்கிறது. சமவெளி வெயில் அதற்கு ஒத்துவராது. அதனால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருப்பவர்கள் தப்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் போர் மூண்டது நத்தையால். மனைவி போட்ட வெந்தயக்கீரை முளைத்து இரண்டு இலை விட்ட மறுநாள் காலை பாத்தியில் வெறும் காம்புகள் நின்றன. பளபளவென்று ஒரு கோடு பாத்தியிலிருந்து கிளம்பிச் சிமெண்டுத் தரையைக் கடந்து நேராக அகபாந்தஸ் புதருக்குள் போய் முடிந்தது. இலையை விலக்கிப் பார்த்தால், அடியில் ஈரமும் நிழலுமாக இருந்த இடத்தில், மடலுக்கு மடல் நத்தை. சில மடல்களில் இரண்டிரண்டு. தங்குவதற்குத்தான் இந்த இடம், சாப்பாடு வெளியே. அகபாந்தஸ் இலையில் பேருக்கு ஒரு கடிகூட இல்லை.

கொல்லக்கூடாது என்று அம்மா தடை போட்டுவிட்டாள். கார்த்திகை விரதம் வேறு. எனவே இரவில் டார்ச்சும் வாளியுமாக நான் பொறுக்குவேன், அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து "அதோ, அந்த மடல்ல ஒண்ணு" என்று மேற்பார்வை பார்ப்பாள். பொறுக்கியதைத் தெருக்கோடிப் பூங்காவில் கொண்டுபோய் விடுவேன். இரவு பத்து மணிக்கு வாளியோடு பூங்காவுக்குள் போகும் இந்தியனைப் பார்த்து நாயோடு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மறுநாள் புதருக்குள் மறுபடியும் நத்தை. திரும்பி வந்தவையா, புதிதாய்க் குடி வந்தவையா என்று அடையாளம் காண வழியில்லை. மனைவி கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "வெளிய போக வேண்டியது நத்தை இல்லைங்க. வீடுதான்."

அகபாந்தஸைத் தோண்டுவது பற்றிப் புத்தகங்கள் 'கொத்தைத் தூக்கி இரண்டாகப் பிரிக்கவும்' என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கின்றன. எழுதியவர்கள் தொட்டியில் வளர்க்கும் இங்கிலாந்துக்காரர்களாக இருக்க வேண்டும். முப்பது வருஷம் தரையில் இருந்த கொத்து தூக்குவதற்கு இல்லை. மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். 'தொம்' என்று திரும்பி வந்தது. காலை வைத்து மிதித்தேன். மண்வெட்டியின் பிடி வளைந்தது, மண் வளையவில்லை. கடப்பாரையை விட்டு நெம்பியபோது ஒரு மூலை கொஞ்சம் உயர்ந்து உள்ளே இருப்பது தெரிந்தது. விரல் தடிமனில் வெள்ளை வெளேரென்று வேர்கள், தீபாவளிக்கு முந்தின ராத்திரி அன்ரிசர்வ்டு பெட்டி போல, ஊசி நுழைய இடமில்லாமல். மண் என்பதே அங்கே மிச்சமில்லை, எல்லாம் வேராகிவிட்டிருந்தது. ஒடித்தால் 'சடக்' என்று முள்ளங்கி ஒடியும் சத்தம் வரும். சாறு கையில் பட்டு முழங்கை வரை அரிப்பு. அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்தாள். வேலிக்கு மேலாகப் பெரியவர் ஒரு பழைய மரமறுக்கும் ரம்பத்தை நீட்டினார். "இதுக்குன்னே வச்சிருக்கேன். மரத்துக்கு வேற ரம்பம்."

ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தோம். கேக் வெட்டும் கணக்கில் துண்டு போட்டு, இலையைப் பாதியாகக் கத்தரித்து, வேலியோரம் அடுக்கினோம். கார் பாதையின் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இனி இதை என்ன செய்வது? புதர்க்காட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கேயே வேர்விடும். பல களைகள் அப்படிப் பரவியவைதான். வீட்டு உரக்குழியில் போட்டால் உரக்குழியே பூக்கும். கவுன்சில் கொடுத்த பச்சைக்கழிவுத் தொட்டி இரண்டு துண்டுக்கே நிறைந்துவிட்டது, எடை தாங்காமல் சக்கரம் கோணிக்கொண்டது. இங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு: வேண்டாத பொருளை வாசலில் வைத்து அட்டையில் 'இலவசம்' என்று எழுதிவிட்டால், வேண்டியவர் எடுத்துப் போவார். சோபா போகும், சைக்கிள் போகும், ஓடாத வாஷிங் மெஷினும் போகும். அகபாந்தஸ் போகவில்லை. காரை நிறுத்தி இறங்கி வருவார்கள், பார்ப்பார்கள், "ஓ" என்று சொல்லிவிட்டு ஏறிப் போவார்கள். அட்டை மழையில் நனைந்து எழுத்து அழிந்தது. வேர் மேலே கிடந்த துண்டுகள் மண் இல்லாமலே புது இலை விடத் தொடங்கின.

பெரியவர் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "இலவசம்னு எழுதாத. அஞ்சு டாலர்னு எழுது." எழுதினேன். ஓர் இரவில் பாதிக்கு மேல் திருட்டுப் போயிற்று.

மிச்சம் இருக்கும் வரிசையோடு இப்போது சமாதானமாக இருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: விதை விழக்கூடாது. பூ வாடியதும் முக்கோணக் காய்கள் தொங்கும். பழுத்து வெடித்தால் கறுப்பாக, தட்டையாக, சிறகு முளைத்த விதைகள். காற்று கொண்டுபோகும், மழைநீர் ஓடைவரை கொண்டுபோகும். விதையிலிருந்து வரும் செடி பூக்க மூன்று வருஷமாவது ஆகும் என்றாலும் அதற்கு ஒன்றும் அவசரமில்லை. ஆகவே ஜனவரிக் கடைசியில், காய் பச்சையாக இருக்கும்போதே, கத்தரிக்கோலோடு போய் ஒவ்வொரு தலையாகக் கொய்கிறேன். பத்திரமாகக் கட்டிக் குப்பையில் போடுகிறோம். நாலைந்து தலையை மட்டும் மனைவி காய்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிழலில் காயவைப்பாள். தங்கப் பெயிண்ட் அடித்தால் நவராத்திரிக்குக் கொலுவில் பூங்காவின் வாணவேடிக்கை அதுதான். கொலுவுக்கு வந்தவர்களில் பெண்கள் எல்லாரும் அதைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டால் மனைவி கடையின் பெயரைச் சொல்கிறாள்.

அம்மா ஊருக்குப் போன பிறகும் போனில் விசாரிக்கிறாள். கறிவேப்பிலை எப்படி இருக்கிறது என்பது முதல் கேள்வி. அப்புறம், "அந்த வெங்காயம் போச்சா?"

மெல்பர்ன் கிழக்குப் புறநகர்ப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கார் பாதையின் இன்னொரு பக்கம் அப்படியேதான் இருக்கிறது. நீலம்தான், நல்ல ரகம், நோய்நொடி கிடையாது. குளிர்காலத்தில் வந்தால் பிரித்து எடுக்க வசதி. வெயில் விழும் இடத்தில் நடுங்கள், காட்டுக்கும் ஓடைக்கும் பக்கத்து வீடானால் நடவே வேண்டாம். கையுறை உங்களுடையது, முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். ஜனவரி முடிவதற்குள் பூத்தலையை வெட்டுவோம் என்று எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். கடப்பாரை என்னிடம் இருக்கிறது, ரம்பம் பெரியவரிடம் இருக்கிறது, காபி மனைவி தருவாள். விலை ஐந்து டாலர். கொடுக்க மனமில்லாதவர்கள் இரவில் வரலாம்.